ஆர்.சி.யில் என் பெயர் இல்லை. ஃபார்ம் 29-ல் என் கையெழுத்தை யாரோ போட்டிருக்கிறார்கள்

மஸ்கட்_முருகு
2025 ஜனவரி 18, காலை 9.12

வணக்கம். நாலு வருடமாக மஸ்கட்டில் ஏ.சி. மெயின்டனன்ஸ் வேலை. 2016-ல் என் பெயரில் வாங்கிய 350 சி.சி. புல்லட் ஊரில், ஈரோடு பக்கம், சித்தப்பா வீட்டில் நிற்கிறது. லோன் எல்லாம் முடித்து ஆர்.சி.யில் இருந்த லோன் குறிப்பையும் (எச்.பி.) கேன்சல் பண்ணியாயிற்று. சித்தப்பா பையன்தான் ஓட்டுவான். ஆர்.சி. கார்டும் அங்கே பீரோவில்தான் இருந்தது. வண்டி சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று நானேதான் ஓட்டச் சொன்னேன்.

நேற்று இன்சூரன்ஸ் தேதி பார்க்கலாம் என்று அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டேன். உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறியோடு வந்தது. முதல் எழுத்தே என் பெயர் இல்லை. சீரியல் நம்பரும் 2 என்று மாறியிருக்கிறது. அதாவது இரண்டாவது ஓனர்.

மச்சானை ஆர்டிஓ ஆபீஸுக்கு அனுப்பினேன். தெரிந்தவர் ஒருவர் ஃபைலைக் காட்டியிருக்கிறார். வண்டியை விற்றேன் என்று தெரிவிக்கும் ஃபார்ம் 29, பெயர் மாற்றம் கேட்கும் ஃபார்ம் 30 இரண்டிலும் விற்பவர் இடத்தில் என் கையெழுத்து. தேதி 2024 செப்டம்பர் 11. அன்றைக்கு நான் மஸ்கட்டில் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் கம்ப்ரஸர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இது எவ்வளவு பெரிய குற்றம்? ஜெயில் வரை போகுமா? நான் அங்கே இல்லாமல் புகார் கொடுக்க முடியுமா?


ஆர்டிஓ_வாசல்
2025 ஜனவரி 18, காலை 10.40

தம்பி, ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் 22 வருடமாக ஃபார்ம் எழுதுகிறவன் நான். செக்ஷன் எல்லாம் வக்கீல்கள் சொல்வார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வேலை, சித்தப்பா பையனுக்கு போன் போட்டுத் திட்டாதீர்கள். உங்களுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்த நிமிடத்திலிருந்து வண்டி இன்னொரு கைக்குப் போகும். மூன்றாவது ஓனர் வந்துவிட்டால் தலைவலி மூன்று மடங்கு.

இரண்டாவது, இன்றைக்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு மனு. "என் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்றம் நடந்திருக்கிறது. அந்தப் படிவங்களின் அசலைப் பத்திரமாக வைக்கவும், இந்த வண்டி மேல் அடுத்த வேலை எதையும் செய்ய வேண்டாம்" என்று இரண்டே வரி. ஒப்புகை அட்டையோடு தபாலில் போகட்டும். தெரிந்தவர் காட்டினார் என்று எழுதிவிடாதீர்கள், பாவம் அந்த மனுஷன். காப்பி வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பெயரிலேயே கேளுங்கள், 30 நாள் கெடு.

ஏன் அசலைச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி வழக்கு பாதி, அசல் படிவம் காணாமல் போய்த்தான் சாகும். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு தடயவியல்காரர் உறுதியாகச் சொல்வது கஷ்டம். பேனா அழுத்தம், எங்கே நின்று நின்று எழுதினான் என்பதெல்லாம் அசலில்தான் தெரியும்.

இன்னொன்று. படிவத்தோடு சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். புல்லட்டில் அது ஹேண்டிலுக்குக் கீழே ஹெட் குழாயில் இருக்கும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டும், வண்டி கையில் இல்லாதவன் எடுக்க முடியாது.

ஒரு சந்தேகம். ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போது ஓனரின் மொபைலுக்கு ஓடிபி போகுமே. உங்களுக்கு வரவில்லையா?


மஸ்கட்_முருகு
2025 ஜனவரி 18, பகல் 12.05

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. வண்டி வாங்கும்போது கொடுத்த நம்பர் என் பழைய சிம். அந்த சிம் சித்தப்பா வீட்டில் ஒரு பழைய போனில் கிடக்கிறது. கேஸ் புக்கிங்குக்கு ஆகும் என்று விட்டுவிட்டு வந்தேன்.


ஆர்டிஓ_வாசல்
2025 ஜனவரி 18, பகல் 12.11

ஆர்.சி.யும் அங்கே, வண்டியும் அங்கே, சிம்மும் அங்கே. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி இருந்திருக்கிறது. அதையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.


வக்கீல்_அக்கா
2025 ஜனவரி 18, இரவு 8.30

கோபிசெட்டிபாளையத்தில் கிரிமினல் பிராக்டீஸ். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 11 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) இல்லை, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1-லிருந்து நடந்த குற்றங்களுக்கு அதுதான். பொய் ஆவணம் உருவாக்குவது என்றால் என்ன என்று 335 சொல்கிறது. வெறும் போலி ஆவணத்துக்கு 336(2), அதிகபட்சம் 2 வருடம். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி என்றால் 336(3), 7 வருடம் வரை. பழைய 468. போலி என்று தெரிந்தே அதை அசல் மாதிரிப் பயன்படுத்தினால் 340(2). ஏமாற்றிப் பொருளை வாங்கியதற்கு 318(4), நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய 420, அதுவும் 7 வருடம் வரை. இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் 319, 5 வருடம் வரை. உங்கள் சிம்முக்கு வந்த ஓடிபியைப் போட்டது தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி, இரண்டுக்கும் 3 வருடம் வரை, 1 லட்சம் வரை அபராதம்.

இதில் ஸ்டேஷனில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 336(2) மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "இது கோர்ட் மேட்டர், போய் வக்கீலைப் பாருங்க" என்று புகார் வந்ததற்கான ரசீதை (சி.எஸ்.ஆர்.) மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் புகாரில் "கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். போட்டதால் யாருக்கு என்ன கிடைத்தது, நீங்கள் என்ன இழந்தீர்கள், வண்டியின் மதிப்பு எவ்வளவு, யார் யாரிடம் பணம் வாங்கினார் என்று எழுதுங்கள். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால்தான் 336(3), 318(4) வரும். அவை இரண்டிலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும்.

வெளிநாட்டில் இருந்தாலும் மின்னஞ்சலில் தகவல் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ல் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் 3 நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்களால் முடியாது. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததைப் பற்றித் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம், மச்சானே கொடுக்கட்டும். ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால், போலீஸை விசாரிக்க உத்தரவிடச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3)-ல் மனு.

ஜெயில் வரை போகுமா என்று கேட்டீர்கள். சட்டத்தில் போகும். என் அனுபவத்தில், உறவுக்காரர்களுக்கு இடையில் முதல் வாய்தாவுக்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள்.


தாராபுரம்_டீக்கடை
2025 ஜனவரி 18, இரவு 10.02

அக்கா சொன்ன கடைசி வரிதான் நிஜம். தம்பி, ஒரு பழைய பைக்குக்காகப் பங்காளி மேல் கேஸ் போட்டால் நாளைக்குக் கல்யாணம், கருமாதி எதற்கும் முகத்தில் முழிக்க முடியாது. சித்தப்பாவிடம் பேசி வண்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுங்கள். என்ன, ஒரு லட்சம் இருக்குமா?


ஆர்டிஓ_வாசல்
2025 ஜனவரி 18, இரவு 10.15

பணம் வாங்கிக்கொண்டு விட்டால், அந்தப் பொய்க் கையெழுத்தை நாமே சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அப்புறம் அவன் உங்கள் பெயரில் இன்னும் எங்கெங்கே போட்டிருக்கிறான் என்று எப்படித் தெரியும்? ஆதார் ஜெராக்ஸ், பான் ஜெராக்ஸ், சிம் எல்லாம் அந்த வீட்டில்தான். நான் பைக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை.


கன்சல்டிங்_குமார்
2025 ஜனவரி 19, காலை 7.50

நான் செகண்ட் ஹேண்ட் வண்டி கன்சல்டிங் வைத்திருக்கிறேன். எல்லோரும் கையெழுத்து என்றதும் கொலைக் குற்றம் மாதிரிப் பேசுகிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். வண்டியை விற்கிறவர் ஓபன் ஃபார்மில், அதாவது மற்ற விவரம் நிரப்பாத வெற்றுப் படிவத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து வாங்குகிற ஆள் கிடைப்பார். பார்த்தால் ஃபார்ம் கசங்கியிருக்கும், அல்லது ஒரு இடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். பழைய ஓனருக்கு போன் போட்டால் எடுக்க மாட்டார். அப்போது புதுப் படிவம் எடுத்து அதே மாதிரி ஒரு கையெழுத்து. அவர் பணம் வாங்கியாயிற்று, இவருக்கு வண்டி கிடைத்தாயிற்று. யாருக்கு என்ன நஷ்டம்?


வக்கீல்_அக்கா
2025 ஜனவரி 19, காலை 9.25

குமார், இதைப் பொதுவெளியில் எழுதியிருக்கிறீர்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. "யாருக்கு நஷ்டம்" என்பதை உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது, அதுவும் ஒரு கார் விஷயத்தில். டாக்டர் விம்லா எதிர் டெல்லி நிர்வாகம், 1962. அந்த அம்மா 1953-ல் ஒரு ஆஸ்டின் கார் வாங்குகிறார், தன் பணத்தில், ஆனால் பெண் குழந்தை பெயரில். குழந்தைக்கு வயது ஆறு மாதம். இன்சூரன்ஸும் குழந்தை பெயருக்கு மாறுகிறது. கார் இரண்டு முறை அடிபடுகிறது. கிளெய்ம் பேப்பரிலும் ரசீதிலும் குழந்தையின் பெயரை அம்மாவே கையெழுத்தாகப் போடுகிறார். கம்பெனிக்குத் தெரிந்ததும் கேஸ். உயர் நீதிமன்றத்தில் தண்டனை.

உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. பொய் சொன்னது உண்மை. ஆனால் மோசடி என்றால் வஞ்சனை மட்டும் போதாது, அதனால் ஒருவருக்குக் கெடுதலும் இருக்க வேண்டும் என்றது. குழந்தை பெயருக்குப் பதில் தன் பெயரிலேயே இருந்திருந்தாலும் கம்பெனி அதே பணத்தைத்தான் கொடுத்திருக்கும். அம்மாவுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, கம்பெனிக்கு ஒன்றும் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ நானும் தப்பித்தேன்" என்று நினைக்காதீர்கள் குமார். கெடுதல் என்பது பண நஷ்டம் மட்டும் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் பழைய ஓனருக்காகப் போடும் கையெழுத்தில் நீங்கள் எழுதும் தேதி இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து அவர் பொறுப்பில்லை என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். இடையில் அந்த ஆறு மாதத்தில் வண்டி யார் மேலாவது மோதியிருந்தால்? மோட்டார் வாகனச் சட்டம் 2(30)-ல் ஓனர் என்றால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கார் பல கை மாறிய பிறகும், பெயர் மாற்றாத முதல் ஓனர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அந்த மனிதர் காரை விற்றுப் பல காலம் ஆகியிருந்தது.

இன்னொன்று, ஓபன் ஃபார்மில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கையெழுத்து நிஜம், தொகை எழுதாத காசோலையைக் கண்டெடுத்தவன் தானாக ஒரு தொகையை நிரப்பினால் அதுவும் போலி ஆவணம்தான் என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. பழைய சட்டத்தில் 464-க்குக் கீழே, புதியதில் 335-க்குக் கீழே.


கன்சல்டிங்_குமார்
2025 ஜனவரி 19, காலை 9.58

சரி அக்கா, வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு எங்களுக்கு வேறு வழி என்ன?


ஆர்டிஓ_வாசல்
2025 ஜனவரி 19, காலை 11.20

வழி இருக்கிறது, யாரும் செய்வதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிக்குத் தனி அங்கீகாரம் வந்துவிட்டது. அங்கீகாரம் வாங்கிவிட்டால், வண்டி உங்கள் கைக்கு வரும்போது ஓனர் ஃபார்ம் 29சி-யில் தெரிவித்தால் போதும். அதற்குப் பிறகு விற்கும் வரை சட்டப்படி நீங்கள்தான் ஓனர். பழைய ஆளைத் தேடி ஓட வேண்டாம், அவர் கையெழுத்தை நீங்கள் போடவும் வேண்டாம். ஆனால் விபத்து, அபராதம் எல்லாம் உங்கள் தலையில் வரும். அதனால்தான் நம்ம ஆட்கள் பக்கத்திலேயே போக மாட்டேன் என்கிறார்கள்.


பழைய_அம்பாசடர்
2025 ஜனவரி 19, மாலை 4.44

இந்த இழையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கு 61 வயது. அப்பா 2013 மாசி மாதம் தவறினார். அவர் பெயரில் ஒரு அம்பாசடர். வாரிசு சான்றிதழுக்கு அலைய வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னார், அப்பா உயிரோடு இருப்பது மாதிரி ஃபார்ம் 29-ல் நானே அப்பா கையெழுத்தைப் போட்டேன். சின்ன வயதில் ரேங்க் கார்டில் போட்டுப் பழகிய கையெழுத்து, கண்ணை மூடிக்கொண்டு வரும். அந்தப் படிவத்தில் தேதி அப்பா இறந்து 19-ஆம் நாள்.

தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கார் வேண்டாம் என்று எனக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. இப்போது நிலம் பாகம் பிரிக்கும் பேச்சு நடக்கிறது, அவள் வீட்டுக்காரர் எல்லாப் பேப்பரையும் பார்க்க வேண்டும் என்கிறார். விம்லா அம்மா மாதிரி நானும் தப்பிப்பேனா?


வக்கீல்_அக்கா
2025 ஜனவரி 19, இரவு 9.10

ஐயா, வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இதற்கு மேல் இங்கே எழுதாதீர்கள், ஊரில் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

ஓனர் இறந்தால் அதற்கென்றே ஃபார்ம் 31 இருக்கிறது. 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். இப்போது, 2021-லிருந்து, ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம். உங்கள் காலத்தில் அது இல்லை.

விம்லா வழக்கில் குழந்தைக்குத் தனிப் பணம் எதுவும் காரில் இல்லை. உங்கள் விஷயத்தில் தங்கைக்குப் பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகனும் மகளும் ஒரே வரிசை, உங்கள் அம்மா இருந்தால் அவரும். ஃபார்ம் 31 வழியாகப் போயிருந்தால் தங்கையின் சம்மதக் கையெழுத்தைக் கேட்டிருப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் அப்பா கையெழுத்து என்று எதிர்த்தரப்பு வாதாடும். உங்கள் மனதில் அது இல்லாமல் இருக்கலாம்.

காலக்கெடு பற்றிக் கேட்பீர்கள். 2 வருடத் தண்டனைக் குற்றத்துக்கு 3 வருடத்தில் கெடு முடியும். ஏமாற்றும் நோக்கம் சேர்ந்து 7 வருடப் பிரிவு வந்தால் கெடுவே கிடையாது. அதனால் 12 வருடம் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் இன்றைக்குத் தங்கையிடம் நேரில் போய்ச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.


சேலத்து_சின்னப்பொண்ணு
2025 ஜனவரி 20, காலை 6.35

எல்லோரும் ஓனர் பக்கமே பேசுகிறீர்கள். போன வருடம் நான் ஒரு ஸ்கூட்டி வாங்கினேன், பணம் முழுக்கக் கொடுத்து, ஆர்.சி. என் பெயருக்கு வந்து, நாலு மாதம் ஓட்டிய பிறகு போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். விற்றவன் அவன் அண்ணி கையெழுத்தைப் போட்டுவிட்டானாம். ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது, அப்படியென்றால் வண்டி என்னுடையதுதானே?


வக்கீல்_அக்கா
2025 ஜனவரி 20, காலை 8.15

இல்லைம்மா. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆர்.சி. நிலப் பத்திரம் மாதிரி இல்லை. சாலையில் ஓட்ட அரசாங்கம் வைத்திருக்கும் பதிவு அது. வண்டி அசையும் சொத்து. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 27: விற்றவனுக்கு என்ன உரிமை இருந்ததோ அதற்கு மேல் வாங்கியவருக்குக் கிடையாது. அவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் உங்களுக்கும் ஒன்றும் இல்லை. பொய்யான ஆவணத்தின் பேரில் கிடைத்த பதிவு என்று தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 55(5)-ன் கீழ் ஆர்டிஓ உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்யலாம்.

விற்றவன் மேல் பணத்துக்கு சிவில் வழக்கு போடலாம், நீங்களும் ஏமாற்றப்பட்டவர் என்று தனிப் புகாரும் கொடுக்கலாம். வண்டி ஸ்டேஷனில் வெயிலில் நிற்க வேண்டாம், வழக்கு முடியும் வரை இடைக்காலமாக ஒப்படைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டிகளைத் துருப்பிடிக்க விடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்களுக்கும் அந்த அண்ணிக்கும் போட்டி வரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓனரின் நடத்தையே "இவன் விற்கலாம்" என்று நம்பும்படி இருந்திருந்தால், பிறகு அவர் மறுக்க முடியாது. அந்த அண்ணி வெற்றுப் படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். அதனால் முதலில் அது போலியா, அவருடையதேவா என்று பாருங்கள்.


மஸ்கட்_முருகு
2025 பிப்ரவரி 9, இரவு 11.30

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மனு போய், ஒப்புகை அட்டை வந்தது. பழைய சிம்மை முடக்கி நம்பரை மாற்றிவிட்டேன். எஸ்.பி. ஆபீஸுக்குப் போன புகாரை மாவட்டக் குற்றப் பிரிவுக்கு அனுப்பி, போன வாரம் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 318(4), 336(3), 340(2). வண்டி 1 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் போயிருக்கிறது. வாங்கியவர் பெருந்துறையில் ஒரு மெக்கானிக், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

படிவத்தின் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. அது என் பழைய கையெழுத்து. 2020-ல் பாஸ்போர்ட் எடுக்கும்போது தமிழில் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன், அதிலிருந்து பேங்க், கம்பெனி எல்லாம் தமிழ்தான். படிவத்தில் இருப்பது இங்கிலீஷ் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து அடிக்கோடு போடும். என் பான் கார்டில் அப்படியே இருக்கிறது. அந்த ஜெராக்ஸ் ஆர்.சி.யோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

சித்தப்பா மஸ்கட்டுக்கே போன் போட்டு அழுதார். பையன் "நான் போடலை, ஏஜென்ட் போட்டான்" என்கிறானாம். அப்படியென்றால் அவனைப் பிடிக்க முடியாதா?


வக்கீல்_அக்கா
2025 பிப்ரவரி 10, காலை 8.50

அங்கேதான் வழக்கு ஆடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், பொய் ஆவணத்தை உருவாக்கியவர் மேல்தான் போலி ஆவணக் குற்றம் நிற்கும், அதனால் லாபம் அடைந்தவர் என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்று சொன்னது. அதில் கையெழுத்துப் போட்ட ஆள் மாறாட்டக்காரியைப் போலீஸ் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அதனால் "யார் பேனாவைப் பிடித்தது" என்பதை விடக் கூடாது. ஏஜென்ட் என்றால் எந்த ஏஜென்ட், பெயர் சொல்லட்டும், அவனையும் சேர்க்கட்டும்.

ஆனால் பையன் முழுக்கத் தப்ப முடியாது. நீங்கள் ஊரில் இல்லை என்று அவனுக்குத் தெரியும், ஆகவே அந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லை என்றும் தெரியும். தெரிந்தே பயன்படுத்தியதற்கு 340(2). பணம் வாங்கியதற்கு 318(4). கூடிச் செய்ததற்கு 61, கூட்டுச்சதி. உங்கள் பாஸ்போர்ட்டில் மஸ்கட் முத்திரைகள், அன்றைய கம்பெனி வருகைப் பதிவு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்து நிபுணர் சொல்வது கருத்துதான், எதிர்த்தரப்பு இன்னொரு நிபுணரைக் கூட்டி வரலாம். முத்திரையோடு யாரும் வாதாட முடியாது.

சிலர் 338-ம் சேர்க்கச் சொல்வார்கள், மதிப்புள்ள பிணையம், அதாவது சட்டப்படி உரிமையைக் கொடுக்கும் ஆவணத்தைப் போலியாக்குவது, ஆயுள் வரை போகும் பிரிவு. எனக்கு உடன்பாடில்லை. ஃபார்ம் 29 என்பது விற்றேன் என்ற தகவல் மட்டுமே, அதுவே உரிமையைக் கொடுப்பதில்லை. என் சீனியர் இதில் என்னோடு இன்னும் சண்டை போடுகிறார்.

சமாதானம் பற்றி: 318(4)-ஐக் கோர்ட் அனுமதியோடு முடித்துக்கொள்ளலாம். போலி ஆவணப் பிரிவுகளை அப்படி முடியாது, உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். சித்தப்பாவிடம் "கேஸை வாபஸ் வாங்கிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.


தாராபுரம்_டீக்கடை
2025 பிப்ரவரி 10, காலை 9.30

தம்பி, நான் அன்றைக்குச் சொன்னது தப்போ என்று இருக்கிறது. அந்த மெக்கானிக்குக்குப் பணம் யார் கொடுப்பது?


மஸ்கட்_முருகு
2025 மார்ச் 23, மாலை 6.20

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். டீக்கடை அண்ணா, மெக்கானிக்குக்கு சித்தப்பா 60 ஆயிரம் கொடுத்திருக்கிறார், மீதி மாடு விற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. ஆர்டிஓ ஆபீஸில் விசாரணைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள், உத்தரவு இன்னும் வரவில்லை. கோர்ட் உத்தரவு கொண்டுவந்தால் நல்லது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரிக் கையெழுத்து எடுக்கிறார்களாம். அசல் படிவம் கிடைத்துவிட்டது, சென்னைக்குத் தடய அறிவியல் துறைக்குப் போகும். அதற்குப் பயிற்சி மாதிரி நேற்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பழைய இங்கிலீஷ் கையெழுத்தை ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தேன். வரவே மாட்டேன் என்கிறது. வால் எங்கே திரும்பும் என்று மறந்துவிட்டது. நாற்பது தடவை போட்டேன். படிவத்தில் அவன் போட்டிருப்பதுதான் என் கையெழுத்து மாதிரி இருக்கிறது, நான் போட்டது போலி மாதிரி இருக்கிறது. இது எனக்கு எதிராகப் போகுமா அண்ணா?


ஆர்டிஓ_வாசல்
2025 மார்ச் 23, இரவு 7.05

அந்த நோட்டை அப்படியே மூடி வையுங்கள், பயிற்சி எல்லாம் வேண்டாம். அங்கே எப்படிப் போடச் சொல்கிறார்களோ அப்படிப் போடுங்கள், கை எப்படிப் போகிறதோ போகட்டும். ஒப்பிட அவர்களுக்கு அந்தக் காலத்துக் கையெழுத்துதான் வேண்டும். 2016-ல் ஷோரூமில் போட்ட ஃபார்ம் 20, லோன் பேப்பர், பேங்கில் அப்போது மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கார்டு, இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று நாளைக்குக் காலையிலேயே மச்சானோடு போய்த் தேடுங்கள். ஃபார்ம் 20 எங்கள் ஆபீஸ் ஃபைலில் இருக்கும்.


பழைய_அம்பாசடர்
2025 மார்ச் 24, காலை 5.50

முருகு தம்பிக்கு நல்லபடியாக முடியட்டும். நான் போன வாரம் தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். காபி கொடுத்தாள். அப்பா கையெழுத்தை எப்படிப் போட்டாய், போட்டுக் காட்டு என்றாள். போட்டேன். அந்தக் காகிதத்தை மடித்து அவளே வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.